பழைய இரசாயன நூல்களும் தேட முடியாத மின்பிரதிகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் சஞ்சிகையின் சென்ற இதழில் நூலகங்களைப் பற்றி வெளிவந்த கட்டுரையில், பழைய இரசாயன உசாத்துணை நூல்கள் யாவும் இணையத்தில் ஏறிவிட்டன என்றும், இனி அவற்றுக்கு அலுமாரியும் வேண்டாம், பொருளடைவும் வேண்டாம் என்றும் ஒரு வசனம் இருந்தது. நீண்ட காலம் உயர்தர வகுப்புகளுக்கு இரசாயனவியல் கற்பித்தவள் என்ற முறையில் அந்த வசனத்தை வாசித்துவிட்டுப் பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை.

மெல்லரின் அசேதன இரசாயனப் பெருநூல் 1922 முதல் 1937 வரை 16 தொகுதிகளாக வெளிவந்தது என்பது தாங்கள் அறியாததல்ல. எங்கள் திருகோணமலை மாவட்டத்து நூலகமொன்றில் அது முழுமையாக இருந்தது. புல்மோட்டைக் கனிய மணலிலுள்ள இல்மனைற்று, ரூற்றைல், சேர்க்கோன் என்னும் கனிமங்கள் பற்றி மாணவர்கள் கேட்கும்போதெல்லாம் அவற்றிலுள்ள உலோகங்களான தைத்தேனியமும் சேர்க்கோனியமும் அடங்கிய ஏழாம் தொகுதியையே எடுத்துக் கொடுத்து வந்தேன். பின்னர் அத்தொகுதிகள் ஸ்கான் செய்யப்பட்டன. செய்து முடித்த கையோடு அச்சுப் பிரதிகள் பழைய கடதாசியாக நிறுத்து விற்கப்பட்டன. கடைசித் தொகுதியிலிருந்த பொதுப் பொருளடைவு மட்டும் ஸ்கான் செய்யப்படவேயில்லை. காரணம் கேட்டதற்கு, கணினியே தேடித் தரும்போது அந்தப் பக்கங்கள் எதற்கு என்றார்கள்.

அந்த மின்பிரதியைத் திறந்து பார்த்தால் கட்டுரையாளருக்கு என் வருத்தம் விளங்கும். கட்டு விரியாதபடி அழுத்திப் படமெடுத்ததால் உட்பக்க ஓரத்து அட்டவணைகளில் கடைசி இலக்கம் மடிப்புக்குள் மறைந்திருக்கிறது. மடித்து ஒட்டியிருந்த வரைபடத் தாளை விரிக்காமலே எடுத்திருக்கிறார்கள். படத்திலுள்ள எழுத்துகளை இனங்கண்டு தேடத்தக்க எழுத்துகளாக்கும் எழுத்துணரி மென்பொருளோ சூத்திரங்களின் கீழ்க்குறி எண்களைச் சாதாரண எண்களாக்கி, ஒட்சிசனின் குறியீட்டைப் பூச்சியமாக்கி, ஆங்கிலத்தில் 'ஆர்' எழுத்தும் 'என்' எழுத்தும் அடுத்தடுத்து வந்த இடங்களை 'எம்' எனப் படித்து வைத்திருக்கிறது. கோபாற்றின் குறியீட்டுக்கும் (Co) காபனோரொட்சைட்டின் சூத்திரத்துக்கும் (CO) பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்பதைத் தவிர வேறு வேறுபாடில்லை. அந்த வேறுபாட்டைக் கவனிக்காத தேடற்பெட்டி உலோகத்தையும் நச்சுவாயுவையும் ஒன்றாகவே அள்ளித் தருகிறது. தசமப் புள்ளி விழுந்துவிட்ட கரைதிறன் அட்டவணையை நம்பி ஒரு பிள்ளை கரைசல் தயாரித்தால் அதற்கு யார் பொறுப்பு?

இணையத்தில் இருப்பது வேறு, எமக்குக் கிடைப்பது வேறு. 1881இல் வெளிவரத் தொடங்கிய பைல்ஸ்டைனின் சேதன இரசாயனக் கைநூலின் தரவுகள் இன்று ரியாக்சிஸ் என்ற கட்டணத் தளத்துக்குள் இருக்கின்றன. அதற்குச் சந்தா கட்டக்கூடிய பாடசாலை எதையும் நான் இந்தப் பக்கத்தில் கண்டதில்லை.

தமிழ் நூல்களின் நிலை இதைவிட மோசம். யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய அமெரிக்க மிசன் வைத்தியர் கிறீனின் 'கெமிஸ்தம்' என்ற இரசாயன நூல் 1875இலேயே வெளிவந்த மொழி இது. அக்காலத்து ணை, லை, றா, னா என்னும் எழுத்துகளின் பழைய வடிவங்களைக் கண்டதும் எழுத்துணரி தடுமாறுகிறது. அண்மையில் தட்டச்சு செய்த கலைச்சொற்றொகுதிகளுக்கும் விடிவில்லை. பாமினி எழுத்துருவில் செய்த கோப்பு திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே வெறும் ஆங்கில எழுத்துகளாகவே கிடக்கிறது, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யுனிகோட் குறியேற்றத்தில் 'அமிலம்' என்று தேடினால் ஒன்றும் அகப்படுவதில்லை. இதை யுனிகோட்டுக்கு மாற்றித் தாருங்கள் என்று நான் எழுதிய கடிதங்களுக்குப் பதில் வந்ததில்லை. 2005 முதல் 'நூலகம்' என்ற பெயருடைய நிறுவனம் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை இலவசமாக இணையத்தில் ஏற்றிவரும் பணி இல்லாதிருந்தால் எங்கள் கதி என்னவாகியிருக்குமோ தெரியாது. ஆனால் ஏற்றிய நூலின் உள்ளே தேடுவதற்கு இரசாயனம் தெரிந்த ஒருவர் இருந்து அடைவு செய்தாக வேண்டும்.

அதற்கு வழியும் இருக்கிறது. எட்வின் ஹில் என்பவர் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்துக்காகச் சூத்திரங்களை வரிசைப்படுத்த 1900இல் வகுத்த ஒழுங்கில், சேர்வையொன்றின் காபன் அணுக்களின் எண்ணிக்கை முதலிலும், ஐதரசன் அடுத்ததாகவும், ஏனைய மூலகங்கள் குறியீட்டின் அகரவரிசையிலும் வரும். நாங்கள் ஒட்சிசன் என்றாலும் தமிழகத்தார் ஆக்சிஜன் என்றாலும் சூத்திரம் ஒன்றே; ஆகவே அந்த ஒழுங்கில் ஓர் அடைவு செய்துவிட்டால் எந்தப் பெயரில் தேடுபவரும் ஒரே பக்கத்துக்கு வந்து சேர்வார். ஓய்வுபெற்ற இரசாயனவியல் ஆசிரியர்கள் இதைச் சம்பளமின்றிச் செய்யத் தயாராக இருக்கிறோம். எங்களை யாரும் கேட்கவில்லை என்பதுதான் மனக்குறை.

தங்களிடம் நான் வேண்டுவது பெரிதன்று. அந்த வசனத்துக்கு அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். கூடவே, பழைய இரசாயன நூல்களை வைத்திருக்கும் நூலகங்களும் வீடுகளும், மின்பிரதியைப் பக்கம் பக்கமாக ஒப்பிட்டு முடியும்வரை அச்சுப் பிரதியையும் அதன் பொருளடைவையும் கழிக்காமல் வைத்திருக்கும்படி ஓர் அறிவித்தலை, அரைப் பத்தியளவிலாவது, வெளியிட்டு உதவுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இரசாயனவியல் ஆசிரியை,
உவர்மலை, திருகோணமலை.