கட்டுரை எழுதும் வாரத்தில் எங்களை அழையுங்கள்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கும் துறைத் தலைவர்களுக்கும்,

வணக்கம். பல்கலைக்கழக நூலகத்தில் மாணவர்களுக்குத் தேடல் பயிற்சி அளிக்கும் பணியில் இருக்கிறேன். ஒரே ஒரு மாற்றத்தைக் கேட்டு இம்மடலை எழுதுகிறேன்.

ஆண்டுதோறும் புதிய மாணவர்கள் சேரும் முதல் வாரத்தில் நூலகத்துக்கென ஒரு மணி நேரம் ஒதுக்குகிறீர்கள். அரங்கு நிறைய மாணவர்கள் அமர்ந்திருப்பார்கள். நூலகம் திறக்கும் நேரம், இரவல் விதி, தாமதக் கட்டணம், தரவுத்தளங்களின் பெயர்கள் என எல்லாவற்றையும் அதற்குள் சொல்லி முடிக்கிறோம். அப்போது அவர்களிடம் ஆய்வுத் தலைப்பு இல்லை. எழுத வேண்டிய கட்டுரையும் இல்லை. பசியில்லாதவர்களுக்கு இலை போட்டுப் பரிமாறுகிறோம். சில மாதங்கள் கழித்து முதல் ஆய்வுக் கட்டுரை எழுதப் பணிக்கப்படும்போது அந்த வகுப்பில் கேட்டது எதுவும் நினைவில் இருப்பதில்லை. ஆனால் கோப்பிலோ, நூலகப் பயிற்சி முடிந்துவிட்டதாகப் பதிவாகியிருக்கிறது.

மாணவர்கள் எங்கே இடறுகிறார்கள் என்பதைக் கட்டுரையின் கடைசிப் பக்கமே காட்டிக்கொடுத்துவிடும். துணைநூற்பட்டியலில் ஒரு கட்டுரையின் விவரம் இருக்கும். இதழ் உண்மையில் வெளிவருகிறது. ஆசிரியர் அந்தத் துறையில் எழுதுபவர்தான். ஆனால் குறிப்பிட்ட தொகுதியை எடுத்து அந்தப் பக்கத்தைப் புரட்டினால் அங்கே இருப்பது வேறு யாரோ எழுதிய வேறு கட்டுரை. இணையத்தில் கட்டுரையை அடையாளம் காட்டும் டிஓஐ எண்ணை இட்டுப் பார்த்தால் எங்கும் போய்ச் சேராது. செயற்கை நுண்ணறிவுக் கருவி கோத்துக் கொடுத்த விவரம் அது. ஏமாற்ற வேண்டுமென்று அந்த மாணவர் நினைக்கவில்லை. சரிபார்க்க வேண்டும் என்றோ, எப்படிச் சரிபார்ப்பது என்றோ அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. 2023இல் நியூயார்க்கில் வழக்கறிஞர்களே இப்படி இல்லாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டி நீதிமன்றத்தில் அபராதம் கட்டினார்கள். படித்துப் பட்டம் பெற்றுத் தொழில் செய்பவர்களின் நிலை இது என்றால், முதலாண்டு மாணவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

“இந்தத் தலைமுறைக்கு இணையம் கைவந்த கலை, தேடச் சொல்லித் தர வேண்டுமா?” என்று உங்களில் சிலர் கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் வேண்டும். 'சமூக ஊடகங்கள் பதின்பருவத்தினரின் உறக்கத்தை எப்படிக் கெடுக்கின்றன' என்று முழு வாக்கியத்தையும் தரவுத்தளத்தில் தட்டச்சு செய்துவிட்டு, “இதைப் பற்றி ஆய்வே இல்லை” என்று வந்து நிற்கிறார் ஒருவர். வாக்கியத்தை மூன்று கருத்துகளாகப் பிரிக்கச் சொல்கிறோம். ஒவ்வொன்றுக்கும் ஆய்வாளர்கள் வேறு என்னென்ன சொற்களைப் பயன்படுத்துகிறார்கள் என்று பட்டியலிடச் சொல்கிறோம்: இளையோர், மாணவர்; தூக்கமின்மை, உறக்கத்தின் தரம். மாற்றுச் சொற்களை ஒரு தொகுப்பாக்கி, தொகுப்புகளை ஒன்றோடொன்று இணைத்துத் தேடியதும் திரை நிறைகிறது. அதன் பிறகுதான் முக்கியமான வேலை. 'கெடுக்கின்றன' என்ற முடிவைக் கேள்வியிலேயே வைத்துக்கொண்டு தேடினால் அந்த முடிவுக்கு ஆதரவானவைதான் முதலில் கண்ணில் படும். கேள்வியைத் திருத்தி எழுதும்போதே அவருடைய ஆய்வு தொடங்கிவிடுகிறது.

கிடைத்ததை எடைபோடுவது இதைவிடக் கடினம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் 2017இல் வெளியிட்ட ஆய்வில் வரலாற்றறிஞர்கள், தொழில்முறைத் தகவல் சரிபார்ப்பாளர்கள், அப்பல்கலைக்கழக மாணவர்கள் ஆகியோரிடம் சில இணையதளங்களைக் கொடுத்து மதிப்பிடச் சொன்னார்கள். வரலாற்றறிஞர்களும் மாணவர்களும் பெரும்பாலும் அந்தத் தளத்துக்குள்ளேயே மேலிருந்து கீழாகப் படித்து, சின்னத்தையும் முகவரியையும் பார்த்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்களோ சற்று நேரத்திலேயே தளத்தைவிட்டு வெளியேறி, அதை நடத்துபவர் யார் என்று வேறு இடங்களில் தேடினார்கள். சரியான முடிவுக்கும் விரைவாக வந்தார்கள். முனைவர் பட்டம் பெற்றவர்களுக்கே தானாக வந்துவிடாத பழக்கம் இது. சொல்லிக் கொடுத்தால் வரும்.

ஆய்விதழில் வெளிவந்துவிட்டாலே நம்பலாம் என்பதும் அரைகுறைப் பாடம். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் தொடர்புபடுத்தி லான்செட் மருத்துவ இதழில் 1998இல் வெளிவந்த கட்டுரை 2010இல்தான் திரும்பப் பெறப்பட்டது, அதாவது நம்பத்தகாதது என்று இதழே அதை விலக்கிக்கொண்டது. அதன் பிறகும் அது மேற்கோள் காட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது. ஒரு கட்டுரை திரும்பப் பெறப்பட்டிருக்கிறதா என்று பார்க்கச் சில நொடிகள் போதும். ஆனால் அப்படிப் பார்த்தாரா என்று மாணவரிடம் எந்தத் தேர்விலும் கேட்பதில்லை.

இவையெல்லாம் சேர்ந்ததுதான் தகவல் எழுத்தறிவு. இது 1974 முதலே பேசப்பட்டுவருகிறது. அமெரிக்கக் கல்லூரி, ஆய்வு நூலகங்களின் சங்கம் 2000இல் இதற்கென வகுத்த தர அளவுகளை 2016இல் கைவிட்டு, ஆறு அடிப்படைக் கருத்துகள் கொண்ட புதிய சட்டகத்தை ஏற்றது. ஆய்வு என்பது கேள்வி கேட்டுக்கொண்டே போவது, புலமை என்பது பலர் தொடர்ந்து நடத்தும் உரையாடல் என்பவை அவற்றுள் இரண்டு. இவற்றை ஒரு மணி நேரத்தில் திரையில் படம் காட்டி எங்களால் கற்பிக்க முடியாது.

எப்போது கற்பிப்பது என்பதில் மாணவர்கள் தகவல் தேடும் விதத்தை ஆராய்ந்த நூலகவியல் அறிஞர் கேரல் குல்தாவின் ஆய்வுகள் எனக்கு வழிகாட்டின. தலைப்பைத் தேர்ந்தெடுத்ததும் மாணவருக்கு ஒரு தெம்பு வருகிறது. படிக்கத் தொடங்கியதும், ஒன்றுக்கொன்று முரணான தகவல்களைக் கண்டு அது சரிந்து, குழப்பம் மேலிடுகிறது என்று அவர் காட்டினார். பலர் கண்ணில் பட்டதை ஒட்டிக் கட்டுரையை முடிப்பது அந்த நேரத்தில்தான். அந்த வாரத்தில் நாங்கள் வகுப்பில் இருக்க வேண்டும்.

எனவே, ஒவ்வொரு துறையிலும் மாணவர் முதன்முதலாக ஆய்வுக் கட்டுரை எழுதும் பாடத்தைக் கண்டறிந்து, அதற்குள் நூலகப் பயிற்சியை வையுங்கள். எல்லாப் பாடங்களுக்கும் வர எங்களிடம் ஆள் இல்லை. ஒரு துறைக்கு ஒரு பாடம் என்றால் முடியும். ஒப்படைப்பை ஆசிரியரும் நூலகரும் சேர்ந்து வடிவமைக்கட்டும். எந்தச் சொற்களால் தேடினார், எதை ஏன் ஒதுக்கினார், எதை எப்படிச் சரிபார்த்தார் என்று மாணவர் எழுதும் தேடல் குறிப்பேட்டுக்கு மதிப்பெண் கொடுங்கள். மதிப்பெண் இல்லாத எதையும் மாணவர்கள் பொருட்படுத்துவதில்லை என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

பாடத்திட்டத்தில் இடமில்லை என்பீர்கள். புதிய பாடம் எதையும் நான் கேட்கவில்லை. ஏற்கெனவே உள்ள ஒரு பாடத்தில், கட்டுரைக்கான காலத்தின் நடுவில், இரண்டு வகுப்புகள் போதும். முதல் வார அறிமுகத்தை ஒரு கையேடாக நாங்களே தந்துவிடுகிறோம். அந்த மணி நேரம் உங்களுக்கு மிச்சம்.

அடுத்த பாடத்திட்டக் கூட்டத்துக்கு நூலகர் ஒருவரையும் அழையுங்கள். முதலில் முன்வரும் துறைக்கான மாதிரி ஒப்படைப்பையும் மதிப்பெண் அட்டவணையையும் தயாரித்து எடுத்துவருகிறோம்.

இப்படிக்கு,
பல்கலைக்கழக நூலகர் ஒருவர்