விளையாடினா தலைவலியா? மாத்திரைய எடுக்குறதுக்கு முன்னாடி

ஆசிரியருக்கு வணக்கம்,

உங்க பேப்பர் ஹெல்த் பக்கத்துல, விளையாடும்போது வர்ற தலைவலிக்கு நிறைய தண்ணி குடிங்க, நிக்கலன்னா ஒரு மாத்திரை போட்டுக்கோங்கன்னு ரெண்டே வரில எழுதி முடிச்சிருந்தீங்க. தப்புன்னு சொல்ல வரல, ஆனா அந்த ரெண்டு வரிய நம்பி நான் கிட்டத்தட்ட ஒரு வருஷத்த வீணாக்கினவன், அதனாலதான் இந்த லெட்டர்.

நான் சாயங்காலம் ஷட்டில் ஆடுறவன். ரெண்டாவது கேம் போகும்போதே ரெண்டு பொட்டுலயும் விண்ணு விண்ணுன்னு தெறிக்கும், நானும் பாட்டில் பாட்டிலா தண்ணி குடிச்சேன், வயிறு உப்புனதுதான் மிச்சம். அப்புறம் ஒரு டாக்டர்கிட்ட போனா அவர் மாத்திரை எழுதல, எப்ப சாப்பிட்டீங்க, எவ்ளோ நேரம் வார்ம்-அப் பண்றீங்கன்னு கேட்டாரு. மதியம் ஒரு மணிக்கு சாப்பிட்டது, ஏழு மணிக்கு ஆட்டம், வார்ம்-அப்னா என்னன்னு கேக்குற கேஸ் நான், ஆபீஸ் சேர்ல இருந்து எந்திரிச்சு நேரா கோர்ட்டுல இறங்கி ஸ்மாஷ் அடிக்கிறவன். சொல்லவே வெக்கமா இருக்கு.

அவர் சொன்னது இதான், வேகமா உடம்ப வருத்தும்போது மட்டும் வர்ற, துடிக்கிற மாதிரியான தலைவலி ஒன்னு தனியாவே இருக்கு, தலைக்குள்ள ரத்தக்குழாய் விரியறதால வருதுன்னு நினைக்கிறாங்க, பொதுவா 48 மணி நேரத்துக்குள்ள அடங்கிடும், வெயில்லயும் உயரமான மலைப்பகுதியிலயும் ஆடுறவங்களுக்கு ஜாஸ்தி வரும். இதுக்கு முதல்ல செய்ய வேண்டியது பத்து பதினஞ்சு நிமிஷம் மெதுவா ஓடி, கை கால ஆட்டி, கொஞ்சம் கொஞ்சமா வேகத்த ஏத்துறது. நான் அதையும், ஆட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னாடி லேசா எதாவது சாப்பிடுறதையும் ஆரம்பிச்சேன், மூணே வாரத்துல வலி பாதிக்கு மேல குறைஞ்சிடுச்சு. எல்லாருக்கும் இப்படியே ஆகும்னு சொல்லல, ஏன்னா காரணம் ஆளாளுக்கு வேற.

ஜிம்ல வெயிட் தூக்கும்போது மூச்ச பிடிச்சுக்கிட்டு முக்குவாங்க பாருங்க, அப்ப தலைக்குள்ள அழுத்தம் சட்டுனு ஏறும், தூக்கும்போது மூச்ச வெளிய விட்டாலே பலருக்கு சரியாகிடும். நீச்சல் அடிக்கிற என் தங்கச்சி பொண்ணுக்கு கண்ணாடி பட்டைய இறுக்கி மாட்டுனதுதான் பிரச்சனை, கழட்டி வெச்சா ஒரு மணி நேரத்துக்குள்ள வலி போயிடும், ஆனா வீட்ல எல்லாரும் அவளுக்கு கண்ணு பவர்னு சொல்லிட்டு இருந்தோம். தண்ணி விஷயமும் அப்படித்தான், குறைஞ்சாலும் தலைவலி, நீண்ட நேரம் ஓடுறப்ப வெறும் தண்ணிய மட்டும் அளவுக்கு மீறி குடிச்சு ரத்தத்துல உப்பு குறைஞ்சாலும் தலைவலி, அதனால நிறைய தண்ணி குடிங்கன்னு மொட்டையா எழுதாதீங்க. ஒன்னுக்கு போகும்போது இளமஞ்சளா இருந்தா போதும்.

மாத்திரை பத்தி கட்டாயம் எழுதணும். எங்க குரூப்ல ஒருத்தர் ஆட்டத்துக்கு முன்னாடியே ஒன்ன போட்டுட்டு வருவாரு, கேட்டா சேஃப்டிக்காம். சாதாரண வலி மாத்திரையே மாசத்துல 15 நாளைக்கு மேல போட்டா அந்த மாத்திரையே தலைவலிய கொண்டு வரும், இதுல வேர்த்து தண்ணி வத்துன உடம்புல ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரை கிட்னியையும் படுத்தும். முன்கூட்டியே போடுற மருந்து உண்டுதான், ஆனா அது டாக்டர் பார்த்து சிலருக்கு கொடுக்குறது, மெடிக்கல் ஷாப்ல கேட்டு வாங்குறது இல்ல.

இன்னொன்னு, நீங்க விட்டது இதைத்தான். வாழ்க்கைல முதல் தடவையா திடீர்னு இடி விழுந்த மாதிரி வலி, வாந்தி, கழுத்து இறுக்கம், ரெண்டு ரெண்டா தெரியுறது, மயக்கம், இதுல எது வந்தாலும் வீட்டுக்கு போய் படுக்கக்கூடாது, நேரா ஆஸ்பத்திரிதான், மூளையில ரத்தக்கசிவு இல்லன்னு பார்த்தே ஆகணும். நாப்பது வயசுக்கு மேல புதுசா இந்த தலைவலி ஆரம்பிச்சா, கூடவே நெஞ்சு பிடிச்சா, இதயத்தையும் பார்க்கணும். பசங்க தலைல பந்து பட்டோ மோதியோ அப்புறம் தலைவலின்னு சொன்னா அன்னைக்கு திரும்ப ஆட விடவே கூடாது, கோச் எவ்ளோ சத்தம் போட்டாலும். அமெரிக்க ஃபுட்பால் சங்கம் 2015லயே பத்து வயசும் அதுக்கு கீழயும் இருக்குற பசங்க தலையால பந்து முட்டக்கூடாதுன்னு சொல்லிடுச்சு.

அடுத்த தடவ இடம் குறைவுன்னா தண்ணி மேட்டர விட்டுட்டு, எப்ப உடனே ஆஸ்பத்திரிக்கு போகணும்ங்கறத மட்டுமாவது போடுங்க சார்.

இப்படிக்கு,
சாயங்கால ஷட்டில் வாசகன்