கிரவுன் ஆயில்: எண் மட்டும் பார்த்தால் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

பின் அச்சில் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் பல்சக்கரத் தொகுதி) உள்ள வண்டிக்கு, 80டபிள்யூ-90 என்ற எண்ணை மட்டும் பார்த்து கிரவுன் ஆயில், அதாவது அந்தத் தொகுதிக்கான ஆயில், வாங்குவது தவறு. அந்த எண் பாகுத்தன்மையை மட்டுமே சொல்லும். பின் அச்சில் அழுத்தமாக உரசிச் சுழலும் வளைந்த ஹைபாய்டு பற்களுக்கு, அதிக அழுத்தம் தாங்கும் ஜிஎல்-5 என்ற ஆயில் தரம் வேண்டும், ஜிஎல்-4 போதாது.

டிஃபரன்ஷியல் கிளட்ச் பிளேட்டுகளால் இயங்கும் வகையானால் ஆயிலில் இன்னொன்றும் தேவை: உராய்வைச் சீராக்கும் ஃபிரிக்‌ஷன் மாடிஃபையர். அது இல்லாவிட்டால் பிளேட்டுகள் வழுக்கிப் பிடித்து, பிடித்து வழுக்கும். மெதுவாகத் திரும்பும்போது பின்னாலிருந்து கடகடவென்று அதிரும். அளவு மீறினாலும் கெடுதல்தான், பிடிப்பே போய்விடும். ஃபோர்டு மஸ்டாங்கின் 8.8 அங்குல டிராக்‌ஷன்-லாக் அச்சுக்கு வழக்கமான அளவு சுமார் 118 மில்லிதான். கேனில் 'லிமிடெட் ஸ்லிப்புக்கு ஏற்றது' என்றிருந்தால் பெரும்பாலும் அது ஏற்கெனவே கலந்திருக்கும், மேலும் ஊற்றாதீர்கள். டார்சன் போன்ற பல்சக்கர வகைக்குப் பொதுவாக இது வேண்டியதில்லை. எந்த வகை என்பதை வண்டியின் கையேட்டில் பாருங்கள்.

மாற்றும்போது ஊற்றும் துளையின் மூடியை முதலில் கழற்றுங்கள். அது இறுகிக் கிடந்தால், வடித்த பிறகு ஊற்ற வழியிருக்காது. மாடிஃபையரை முதலில் ஊற்றி, பிறகு துளை விளிம்பு வரை ஆயிலை நிரப்புங்கள். கடைசியில் ஊற்றினால் அது வழிந்து வீணாகும். பின்பு காலி மைதானத்தில் எட்டுப் போட்டு மெதுவாகப் பத்து முறை ஓட்டினால் புது ஆயில் பிளேட்டுகளுக்குள் இறங்கும். அதன்பிறகும் அதிர்ந்தால் பிளேட்டுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வடித்த ஆயில் பால் நிறமாக இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. அச்சின் காற்றுக்குழாய் அடைத்திருக்கிறதா, ஆயில் சீல்கள் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

– ஒரு வாகனப் பட்டறையினர், கோவை