வாசிகசாலைச் சுவரில் பல்சார் வரைபடம்: கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புக்குரியவர்களுக்கு,

மாங்குளத்துக்கு அருகே உள்ள எங்கள் ஊர் வாசிகசாலையின் உட்சுவரில் பல்சார் வரைபடம் நிறைவாகிவிட்டது. பல்சார் என்பது வேகமாகச் சுழன்றபடி சீரான துடிப்புகளை அனுப்பும் இறந்த விண்மீன்; அவற்றைக் கொண்டு நாம் எங்கே, எப்போது இருந்தோம் என்று சொல்லும் படம் இது. 1972இல் பயனியர் 10 விண்கலத்தோடு போன தகட்டுக்கு வானியலாளர்கள் காள் சேகனும் பிராங்க் டிரேக்கும் வகுத்த முறையையே பின்பற்றினோம். நடுவில் சூரியன், அதிலிருந்து 14 பல்சார்களுக்குத் தூரத்துக்கேற்ற நீளத்தில் கோடுகள், கோட்டின் மேலே அந்தப் பல்சார் ஒருமுறை சுழல எடுக்கும் நேரம், துவித எண்ணில், அதாவது ஒன்றும் பூச்சியமும் மட்டும் கொண்டு. பதினைந்தாவது கோடு பால்வீதியின் மையத்தை நோக்கிப் போகிறது.

அந்தத் தகட்டை அப்படியே பார்த்து எழுதியிருந்தால் வேலை சுலபம். ஆனால் எங்களுக்கு எங்கள் நாளைச் சொல்லும் படம் வேண்டியிருந்தது: வாசிகசாலை மீண்டும் திறந்த 2025 தைப்பொங்கல், சனவரி 14. பல்சார்கள் சிறிது சிறிதாக வேகம் குறைபவை. ஆகவே சுழற்சிக் காலத்தைச் சரியாக எழுதினால் அதுவே திகதியாகிவிடும். நண்டு நெபுலாப் பல்சார் இப்போது ஏறத்தாழ 33.8 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை சுழல்கிறது. பயனியர் புறப்பட்ட காலத்தோடு ஒப்பிட்டால் சுமார் 0.7 மில்லிசெக்கன் கூடியிருக்கிறது. நாங்கள் எழுதும் அலகு ஐதரசன் அணு வெளியிடும் 1420 மெகாஹேர்ட்ஸ் அலையின் ஓர் அதிர்வு, அதாவது 0.704 நானோசெக்கன். அந்த அலகில் இந்த வித்தியாசம் ஏறக்குறைய பத்து இலட்சம்! மாறாக, 1967இல் ஜோசலின் பெல் முதன்முதலில் கண்ட பல்சார் இத்தனை ஆண்டுகளில் இரண்டரை மைக்ரோசெக்கன் அளவே தளர்ந்திருக்கிறது.

பல்சார்களின் அளவீடுகளைத் திரட்டி எவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்து வைத்திருக்கும் அவுஸ்திரேலிய வானியலாளர்களுக்கு முதல் நன்றி. அவர்களுடைய பட்டியல் இல்லாமல் நாங்கள் ஓர் அடிகூட நகர்ந்திருக்க முடியாது.

இளைப்பாறிய நில அளவையாளர் ஐயாவுக்கு நான் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. வானத்து ஆயங்களைப் பால்வீதி நெட்டாங்காக, அதாவது பால்வீதி மையத்தின் திசையிலிருந்து அளக்கும் கோணமாக மாற்றும் கோளத் திரிகோண கணிதத்தை, கணினி தந்த விடையை நம்பிவிடாமல், 14 பல்சார்களுக்கும் கையால் செய்து ஒப்பிட்டார். நண்டுப் பல்சாருக்கு 184.6 பாகை, வேலாப் பல்சாருக்கு 263.6 பாகை. மையத்துக்குப் போகும் கோட்டுக்கு ஏறக்குறைய நேரெதிரே நண்டுப் பல்சாரின் கோடு விழுந்திருப்பதை முதலில் கவனித்தவரும் அவர்தான்.

கனடாவில் இருக்கும் எங்கள் ஊர்த் தம்பி, இலக்கம் ஒன்றும் சிந்தாமல் துவித எண்ணாக்கும் நிரலை எழுதி அனுப்பினான். உயர்தர மாணவி ஒருத்தி அதற்கும் மேலே போனாள். ஜோசலின் பெல்லின் பல்சாருக்கு வந்த எண் நூற்றுத் தொண்ணூறு கோடியளவு. அதை இரண்டால் வகுத்து, மீதியைப் பக்கத்தில் எழுதி, மறுபடி வகுத்து, சி.ஆர். கொப்பியின் பக்கம் முழுதும் இறங்கினாள். கீழிருந்து மேலே வாசித்தபோது 31 இலக்கங்களும் நிரலோடு பொருந்தின. மகளே, அந்தக் கொப்பியைப் பத்திரமாக வைத்திரு.

வேலாப் பல்சார் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திடீரென்று வேகம் கூடித் துள்ளும் என்று எச்சரித்த விரிவுரையாளருக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். பழைய அளவீட்டிலிருந்து கணித்தால் கடைசி எட்டு இலக்கங்களை நம்ப முடியாது என்றார். தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுத எனக்கு மனமில்லை. அந்த எட்டையும் பூச்சியமாக்கினோம். தூரங்களும் அப்படியே, பலவற்றுக்கு மதிப்பீடுதான்.

கிளிநொச்சியிலிருந்து வந்து விளம்பரப் பலகை எழுதும் அண்ணா கூலி வாங்க மறுத்துவிட்டார். நீலத்தில் தோய்த்த நூலை இரு முனையிலும் இழுத்துப் பிடித்து, நடுவில் கிள்ளி விட்டதும் சுவரில் கோடு விழும். ஒன்றுக்கு நிமிர்ந்த கீற்று, பூச்சியத்துக்குப் படுத்த கீற்று. முன்பள்ளிப் பிள்ளைகள் “நில், படு, படு, நில்” என்று இலக்கங்களைக் கூவ, அவர் தூரிகையை அதற்கேற்பத் திருப்பினார்.

வேலை நடந்த நாள்களில் தேநீர் அனுப்பிய பக்கத்து வீட்டு அம்மா, இடப்பெயர்வில் காணி உறுதியையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களையும் தொலைத்தவர். “எந்த இடம், எந்த நாள் என்று எழுதி வைப்பது நல்ல வேலை, தம்பி” என்றார். அம்மா, அந்தச் சொல் எனக்குப் பெரிய பலமாக இருந்தது.

கணக்குத் தாள்கள் அனைத்தும் வாசிகசாலை அலுமாரியில் இருக்கின்றன. ஒட்டுசுட்டானிலோ புதுக்குடியிருப்பிலோ வேறெந்த ஊரிலோ இதே படத்தை வரைய விரும்புவோர் வந்து படியெடுத்துக்கொள்ளலாம். பாகைகளைத் தொட வேண்டியதில்லை. உங்கள் நாளுக்குரிய சுழற்சிக் காலங்களை மட்டும் புதிதாகக் கணியுங்கள். சரிபார்க்க ஐயாவும் நானும் வருகிறோம்.

நன்றியுடன்,
வாசிகசாலைச் செயலாளர்