மறுபடியும் கத்தியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

மன்னார்குடி–கும்பகோணம் தடத்தில் நின்றே பிழைத்த நடத்துநர் நான். வலது காலில் மூன்றாவது, நான்காவது விரலுக்கு நடுவே நரம்பு தடித்து, செருப்புக்குள் கூழாங்கல் கிடப்பது போல வலி. மார்ட்டன் நியூரோமா என்றார்கள். 2021-ல் நரம்பை வெட்டி எடுத்தார்கள். ஒன்றரை வருஷம் நிம்மதி. அப்புறம் அதே இடத்தில் சுரீர்! வெட்டிய நரம்பின் நுனியே சில பேருக்கு மறுபடி முடிச்சுப் போட்டுக்கொள்ளுமாம். முதலிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இப்போது உள்ளங்கால் பக்கமாகத் திறக்கலாம் என்கிறார்கள். தழும்பை மிதித்துத்தான் நடக்க வேண்டும். வெறுங்காலோடு வரப்பில் நடக்கிறவனுக்கு இது சின்ன விஷயமா? சரி, அகலமான செருப்பு, ஊசி எல்லாம் பார்த்துவிட்டு, சம்பா அறுவடைக்குப் பிறகு முடிவெடுக்கலாம் என்றிருக்கிறேன். சம்மதப் படிவத்தையாவது மருத்துவமனைகள் தமிழில், ‘வலி திரும்ப வரலாம்’ என்ற வரியோடு கொடுக்கட்டும். நான் கையெழுத்துப் போட்டது ஆங்கிலத்தில் இருந்தது.

– ஓய்வுபெற்ற நடத்துநர், நீடாமங்கலம்