மாப்பிள்ளை, அந்தக் கட்டைவிரலைக் கொஞ்சம் நிறுத்து

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் பெயரைப் போடவில்லை. போட்டால் உன் அம்மா என்னைச் சும்மா விடமாட்டாள். சுங்கை சிப்புட்டில் யார் மாமன், யார் மருமகன் என்று பெயர் இல்லாமலே பாதி ஊர் கண்டுபிடித்துவிடும், அது வேறு கதை.

போன மாதம் நீ வந்திருந்தபோது ஒட்டுக்கடையில் உட்கார்ந்து பசியாறினோமே, அப்போது உன் கைபேசிக்குத் தொழிற்பயிற்சிக் கடிதம் வந்தது. கோலாலம்பூர் கம்பெனி, ஆறு மாதம். உன் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கும் சந்தோஷம்தான். அடுத்து நீ என்ன செய்தாய் தெரியுமா? கட்டைவிரலால் ஐந்து பக்கத்தையும் சர்ரென்று தள்ளினாய். கடைசியில் இருந்த சின்னக் கட்டத்தைத் தட்டினாய். “ஓகே மாமா, சைன் பண்ணியாச்சு” என்றாய். நாம் சொன்ன ரொட்டி சானாய் இன்னும் கல்லில்தான் இருந்தது.

அன்று நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்கு மோட்டாரில் வரும் வழியெல்லாம் உன் தாத்தாவின் கட்டைவிரல்தான் கண்ணில் நின்றது.

சம்பள நாளன்று தோட்ட ஆபீஸ் வராந்தாவில் மேசை போடுவார்கள். ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி, செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவார். அப்பா போய் நிற்பார். கிராணியே அவர் விரலைப் பிடித்து நீல மையில் அழுத்தி, காகிதத்தில் ஒரு உருட்டு உருட்டுவார். எத்தனை நாள் வேலைக்குப் பெயர் விழுந்தது, எதற்கு எவ்வளவு பிடித்தார்கள், கடைப் பற்று எவ்வளவு போனது, எதையும் அப்பா கேட்டுப் பார்த்ததில்லை. காசை வாங்கி மடித்து வைத்துக்கொண்டு, விரல் மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டே படியிறங்குவார். நானும் உன் அம்மாவும் கீழே காத்திருப்போம்.

அவருக்கு எழுத்து தெரியாது. நீ இறுதி ஆண்டு படிக்கிறாய். ஆனால் விரல் வேலை செய்த விதம் ஒன்றாகத்தான் இருந்தது. கோபித்துக்கொள்ளாதே.

தோட்டத்தைப் பற்றி இப்போது பலர் ஏக்கத்தோடு பேசுகிறார்கள். எனக்கு அந்த ஏக்கம் அவ்வளவாக இல்லை. லயத்து வீடு ஒழுகியது, சம்பளம் பற்றவில்லை. ஒன்று மட்டும் உண்மை. வீடு, தண்ணீர், பிள்ளைக் கொட்டகை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாம் தோட்டத்து வேலிக்குள்ளேயே இருந்தன. பிறப்புப் பத்திரமா, அடையாள அட்டையா, எந்தப் படிவமாக இருந்தாலும் கிராணி எழுதினார். நல்ல கிராணி வாய்த்தால் நல்லது, இல்லாவிட்டால் தலைவிதி. தோட்டத்தை விட்டு வெளியே வந்தபோது நம் ஆட்களோடு கிராணி கூட வரவில்லை. இனி அந்த வேலையை நீயேதான் பார்க்க வேண்டும். நானும் இருபத்தாறு வருடமாகத் தொழிற்சாலையில் சம்பளக் கிராணிதான், இந்த விஷயத்தில் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன். பொறுத்துக்கொள்.

முதலில் உன் பெயர். சிரிக்காதே. உன் பாட்டியின் பெயர் பிறப்புப் பத்திரத்தில் ஒரு விதம், அடையாள அட்டையில் ஒரு விதம், சேமநிதிக் கணக்கில் இன்னொரு விதம். ஒவ்வொரு கிராணியும் தன் காதில் விழுந்தபடி எழுதிவிட்டார். 55 வயதில் பணத்தை எடுக்கப் போனபோது, இந்த மூன்று பேரும் ஒரே ஆள்தான் என்று சத்தியப் பிரமாணம் செய்யச் சொன்னார்கள். நான்தான் அலைந்தேன். ஈப்போவுக்கு நாலு நடை. தாத்தாவின் பிஸ்கட் டின் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பழைய பங்குப் பத்திரம் ஒன்று உண்டு. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலத்தில், 1960இல், அமைச்சராக இருந்த நம்மூர்க்காரர் துன் சம்பந்தன் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தொடங்கிய சங்கம் அது. தாத்தாவும் கொடுத்திருக்கிறார். அந்தப் பத்திரத்திலும் அவர் பெயரில் ஓர் எழுத்து கூடுதல்.

அதனால் உன் பட்டச் சான்றிதழ் அச்சாகும் முன் பெயரைச் சரிபார்க்கச் சொல்லிப் பல்கலைக்கழகம் கேட்கும்போது, அடையாள அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகப் பார். இன்னாரின் மகன் என்று குறிக்கும் ‘ஏ/எல்’ உட்பட.

அடுத்தது சம்பளச் சீட்டு. இதில்தான் எனக்குச் சொந்த அனுபவம். எனக்குப் பத்தொன்பது வயதில் முதல் வேலை. எந்த இடம் என்று சொல்லப்போவதில்லை. மாதம் தவறாமல் என் சம்பளத்தில் சேமநிதிக்கென்று பிடித்தார்கள். எட்டு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் கணக்கில் ஒரு காசு விழவில்லை. முதலாளி நல்ல மனிதர், தீபாவளிக்கு அங்பாவ் காசு உறை எல்லாம் கொடுத்தவர். அதனாலேயே எனக்குக் கேட்க வாய் வரவில்லை. கேட்காமலே வேலையை விட்டேன். அந்தக் காசு போனதுதான். அதைவிட, கேட்காமல் வந்தது இன்னும் உறுத்துகிறது.

உனக்கு அந்தக் கஷ்டம் இல்லை. சேமநிதியின் ஐ-அக்காவுன் செயலி உன் கையிலேயே இருக்கும். கணக்கு இதுதான். முதல் சம்பளம் 2,000 வெள்ளி, அதாவது ரிங்கிட், என்று வைத்துக்கொள். உன் பங்கு 11 விழுக்காடு, 220 வெள்ளி பிடிப்பார்கள். முதலாளி தன் பங்காக 13 விழுக்காடு, 260 வெள்ளி போட வேண்டும். சம்பளம் 5,000ஐத் தாண்டினால் அவர் பங்கு 12 விழுக்காடு. இந்த மாதத்துப் பணம் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டப்பட்டிருக்க வேண்டும். பதினாறாம் தேதி செயலியைத் திறந்து பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள். விழவில்லை என்றால் மனிதவளப் பிரிவில் போய்க் கேள். மரியாதையாகக் கேள், ஆனால் கேள்.

2024 மே மாதத்திலிருந்து அந்தப் பணம் மூன்று கணக்காகப் பிரிகிறது. ஓய்வுக்கால கணக்குக்கு 75, செஜாத்ரா கணக்குக்கு 15, ஃபிளெக்சிபல் கணக்குக்கு 10 விழுக்காடு. கடைசியாகச் சொன்னதிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். எங்கள் தொழிற்சாலைப் பையன்கள் மாதாமாதம் அதைத் துடைத்து எடுத்துவிடுகிறார்கள். ஒருவன் தன் மோட்டாருக்குப் புது ரிம் போட எடுத்தான். அழகாகத்தான் இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

மோட்டார் என்றதும் சொக்சோ, அதாவது தொழிலாளர் சமூகப் பாதுகாப்புக் காப்புறுதி, ஞாபகம் வருகிறது. சீட்டில் அதற்குப் பிடிப்பது சில வெள்ளிதான், அதனால் யாரும் கவனிப்பதில்லை. வேலையிடத்தில் மட்டுமில்லை, வேலைக்குப் போகிற வழியிலும் திரும்புகிற வழியிலும் விபத்து நடந்தால்கூட அதில் கோரலாம். எங்களிடம் ஒரு பையன் காலை ஷிப்டுக்கு வரும்போது லோரி இடித்துக் கால் முறிந்தான். வீட்டில் படுத்துக்கொண்டு ‘சொந்த விபத்துதானே’ என்று சும்மா இருந்துவிட்டான். நான் பார்க்கப் போனபோதுதான் போலீஸ் ரிப்போர்ட் எடுத்திருக்கிறானா என்று கேட்டேன். இல்லை. பிறகு ஓடி ஓடி எல்லாவற்றையும் சேர்த்தோம். படித்த பையன், டிப்ளோமா வைத்திருக்கிறான்.

வேலை நேரம், விடுமுறை எல்லாம் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் இருக்கிறது. வாரத்துக்கு 45 மணி நேரத்துக்கு மேல் சாதாரண வேலை நேரமாக வைக்கக் கூடாது. 2023 ஜனவரிக்கு முன் அது 48. முதல் இரண்டு வருடத்துக்கு ஆண்டு விடுப்பு குறைந்தது 8 நாள். மருத்துவ விடுப்பு 14 நாள். சம்பளம் 4,000 வெள்ளிக்குள் இருந்தால் கூடுதல் நேரத்துக்கு ஒன்றரை மடங்கு. இவ்வளவு தெரிந்தால் போதும், மீதியை வேலைக் கடிதத்தில் பார். பயிற்சி முடிந்து முழு வேலைக்கு எடுக்கும்போது தகுதிகாண் காலம் எத்தனை மாதம், வேலையை விட எத்தனை நாள் முன்னறிவிப்பு, இடையில் விட்டால் நீ ஏதாவது பணம் கட்ட வேண்டுமா, இந்த மூன்றையும் விரலால் தொட்டுப் படி.

கடன் விஷயத்தில் நான் நல்ல உதாரணம் இல்லை, அதனால் சுருக்கமாக. கூட்டாளியின் காருக்கு ஜாமீன் போட்டேன், அவன் ஜொகூருக்குப் போய்விட்டான், நான் ஐந்து வருடம் கட்டினேன். போதும். உன் தவணைகளை நீ எப்படிக் கட்டினாய் என்பது மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் சிசிஆர்ஐஎஸ் கடன் அறிக்கையில் 12 மாதத்துக்குத் தெரியும். நாளைக்கு வீட்டுக் கடன் கேட்டால் வங்கிக்காரன் முதலில் பார்ப்பது அதைத்தான். பிடிபிடிஎன் கல்விக் கடனைப் படிப்பு முடிந்து 12 மாதம் கழித்துக் கட்டத் தொடங்க வேண்டும். கழுத்து வரை வந்துவிட்டால் ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை நிறுவனம் இருக்கிறது, காசு வாங்காமல் ஆலோசனை சொல்வார்கள். விளக்குக் கம்பத்தில் ஒட்டியிருக்கும் ஆலோங், அந்தக் கள்ள வட்டிக்காரன், நம்பர் பக்கம் மட்டும் திரும்பாதே.

கோலாலம்பூரில் அறை தேடும்போது சில விளம்பரங்களில் நம் இனத்தவர் வேண்டாம் என்று போட்டிருப்பார்கள். மனசு சுடும். அதற்கு என்னிடம் மருந்து இல்லை. இடம் கிடைத்ததும் முன்பணத்துக்கு ரசீது வாங்கு, சுவரில் இருக்கிற ஓட்டையைக்கூடப் படம் பிடித்து வை. வெளியேறும்போது அந்த ஓட்டை உன்னுடையது ஆகிவிடும்.

இதெல்லாம் காகிதம். காகிதத்தைவிடக் கஷ்டமானது வாய். நம் வீட்டில் யாருக்கும் ஆபீஸ் வாசலில் பேச வராது. தாத்தா துரையின் பங்களாப் பக்கம் போனால் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு படிக்குக் கீழேயே நிற்பார். தோட்டம் போன பிறகும் அந்தப் படி எனக்குள் இருந்தது. பேங்க் மேனேஜரிடம் பேசும்போது என் குரல் எனக்கே கேட்காது. உன்னிடமும் அதைப் பார்க்கிறேன். புரியாத பாடத்தைப் பற்றி விரிவுரையாளரிடம் போய்க் கேள் என்றால், ‘கூட்டாளிகிட்ட கேட்டுக்குறேன் மாமா’ என்கிறாய். கூட்டாளிக்கும் தெரியாது என்று உனக்கே தெரியும்.

இன்னும் ஒரு வருடம் மாணவனாக இருக்கிறாய். தப்பாகக் கேட்டாலும் சம்பளத்தில் பிடிக்காத ஒரே காலம் இதுதான். வாரத்துக்கு ஒருமுறை, யாராவது ஒரு பெரிய ஆளிடம், மலாயிலோ ஆங்கிலத்திலோ, ஒரு கேள்வி கேட்டுவிட்டு வா. முதல் மாதம் கை வியர்க்கும். எனக்கு நாற்பது வயதில் வியர்த்தது. உனக்கு இருபத்திரண்டில் வியர்த்து முடியட்டும்.

அப்புறம் உன் ரெஸ்யூமே. அனுப்பியிருந்தாய், பார்த்தேன். ‘கடின உழைப்பாளி, குழுவாக வேலை செய்யும் திறன்’. இதையேதான் எங்கள் தொழிற்சாலைக்கு வருகிற எல்லாரும் எழுதுகிறார்கள். போன வருடம் மாரியம்மன் கோயில் திருவிழாவில் மூன்று நாள் அன்னதானக் கணக்கு எழுதியது யார்? அரிசிக்காரன் இரண்டு மூட்டைக்கு இரண்டு முறை பில் போட்டதைக் கண்டுபிடித்தது யார்? தலைவருக்கே தெரியாமல் இருந்ததை நீதானே நோட்டில் வட்டம் போட்டுக் காட்டினாய்? கணக்கியல் படிக்கிற பையன் அதை எழுதாமல் எதை எழுதுவாய்? கோயில் விஷயம் என்று வெட்கப்பட்டாயாம், உன் அம்மா சொன்னாள். அந்த வரியைச் சேர்த்து மறுபடி அனுப்பு.

கடைசியாக, அந்தப் பயிற்சிக் கடிதம். எனக்கும் அனுப்பியிருந்தாய் அல்லவா, அன்று இரவே உட்கார்ந்து ஐந்து பக்கத்தையும் படித்தேன். மோசமான கம்பெனி இல்லை, பயப்படாதே. ஆனால் நாலாம் பக்கத்தில் சனிக்கிழமையைப் பற்றி ஒரு வரி இருக்கிறது, அதற்குக் கீழே மடிக்கணினியைப் பற்றி ஒரு வரி. இரண்டைப் பற்றியும் நீ அவர்களிடம் கேட்க வேண்டும். என்ன என்று நான் சொல்லமாட்டேன்.

உன் அம்மா உனக்குக் கொடுத்தனுப்பச் சொன்ன முறுக்கு டின் என் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது. நாலாம் பக்கத்தைப் படித்து, அவர்களுக்கு ஃபோன் போட்டு, என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுது. பிறகு பஸ்ஸில் போட்டுவிடுகிறேன். சீக்கிரம் செய், உன் அத்தை இப்போதே கால் டின்னைக் காலி செய்துவிட்டாள்.

அன்புடன்,
மாமா
சுங்கை சிப்புட்