வீட்டு உதவிப் பட்டியல்: உறுப்பினர்கள் கவனத்துக்கு

வணக்கம் உறவுகளே. மண்சரிவு அபாயத்தால் லயத்தை (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை) விட்டு வெளியேறிய குடும்பங்கள் பல, கிடைக்கும் வீடுகளோ சில. யார் முதலில் செய்தி போட்டார், யார் தலைவருக்கு வேண்டியவர் என்று பார்க்க மாட்டோம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அபாயம் என்று சொன்ன லயங்களில் இருந்து வந்து, திரும்பிப் போக இடமில்லாதவர்களுக்கே முதலிடம். அப்புறம் கைக்குழந்தை, கர்ப்பிணி, நடமாட முடியாத முதியவர் உள்ள வீடுகள்.

தோட்டத்தில் இப்போது தொழிலாளராகப் பெயர் பதியாதவர்களை விட்டுவிடாதீர்கள். ஓய்வுபெற்றவர்கள், தனித்திருக்கும் பெண்கள், பிள்ளைகள் கொழும்பில் வேலை செய்யும் வயதானவர்கள்: பட்டியல் போடும்போது விடுபடுவது இவர்கள்தான். உறவினரின் காம்பராவில் (லய அறையில்) ஒதுங்கியிருப்பவரும் வீடில்லாதவரே.

யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் மண்சரிவில் வீடிழந்தவர்கள் புது வீட்டுக்கு 2016 வரை காத்திருந்தார்கள்.

அடையாள அட்டை இலக்கம், படம் எதையும் இங்கே போட வேண்டாம். அட்மினுக்குத் தனியாக அனுப்புங்கள். கிராம சேவகர் கடிதம் இல்லையென்றாலும் சரி, பெயரைக் கொடுங்கள். கடிதம் எடுக்க நாங்கள் கூட வருகிறோம். பெயர் போடாமல், வரிசையும் காரணமும் ஞாயிறு மாலை இங்கே வரும். ஆட்சேபனை இருந்தால் புதனுக்குள் சொல்லுங்கள்.